கெடு முடிஞ்சா வீடு போச்சா? தென்னாற்காட்டு அடமானத்தின் கதை

இந்த எபிசோடை ஒரே ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம்: ஃபோர்குளோஷர்.

ஹோம் லோன் வாங்கியவர்கள் பேங்க்ல இந்த வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. கடனைத் தவணைக்கு முன்னாடியே மொத்தமாகக் கட்டி முடிக்கப் போறீங்கன்னா, 'ஃபோர்குளோஷர் லெட்டர்' கொடுங்கன்னு கேட்பீங்க. நம்ம ஊர் வங்கிப் பேச்சில் அது ஒரு சந்தோஷமான சொல். அதே சொல் 2008-ல் அமெரிக்கச் செய்திகளில் தினமும் வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் வேறு: தவணை கட்ட முடியாதவரின் வீடு பறிபோவது.

சட்டப் புத்தகத்தில் அதன் மூல அர்த்தம் இன்னும் கூர்மையானது. கடன் வாங்கியவர் என்றைக்காவது பணத்தைக் கொண்டுவந்து, "என் சொத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்கலாம். அது மீட்கும் உரிமை. அந்த உரிமையின் கதவை நிரந்தரமாக மூடுவதுதான் ஃபோர்குளோஷர்.

இன்னைக்கு நாம பேசப்போறது அந்தக் கதவைப் பத்தி. நம்ம பக்கத்துல அது எப்ப திறந்தது? யார் திறந்தாங்க? வீட்டுக்கடன் கட்ட முடியாம தவிக்கிற ஒரு கடலூர் குடும்பத்துக்கோ சிதம்பரம் குடும்பத்துக்கோ அது இன்னைக்கு எத்தனை நாள் திறந்திருக்கும்?

ஏன் இந்த ரெண்டு ஊர்? நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கடலூரைத் தலைநகரமாகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டம் கடனின் எல்லா முகங்களையும் பார்த்த மண். கடலை வியாபாரம், புயல், ஒரே சம்பளக்காரரை நம்பிய ஊர் என்று எல்லாமே இங்கே உண்டு.

அவதிக்கிரயம்

நம்ம தாத்தா பாட்டி காலத்துப் பத்திரங்களில் அடமானத்துக்குப் பல பெயர்கள் இருக்கும். ஒற்றி, போக்கியம் என்றால், கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ அனுபவித்துக்கொள்வார். அந்த அனுபவமே வட்டி. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொத்து திரும்பி வரும். இன்னைக்கும் நம்ம ஊர்களில் மொத்தமா ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாம குடியிருக்கிறதை "போக்கியத்துக்கு எடுத்திருக்கோம்"னு சொல்றோம் இல்லையா, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருந்தது. அவதிக்கிரயம். இங்கே 'அவதி' என்றால் காலக்கெடு. இந்தத் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால், இந்த அடமானமே கிரயமாக மாறிவிடும், சொத்து கடன் கொடுத்தவருக்கே சொந்தம் என்று பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். கெடு முடிஞ்ச மறுநாள் பணத்தோட போய் நின்னாலும் பிரயோஜனம் இல்லை. நூறு ரூபாய் கடனுக்கு ஐந்நூறு ரூபாய் நிலம் போகும். அவதி என்ற சொல்லின் ரெண்டு அர்த்தமும் ஒண்ணா சேர்ற இடம் அது.

இதே மாதிரி அடமானம் வங்காளத்திலும் இருந்தது. ஆனால் அங்கே கம்பெனி அரசு 1806-லேயே ஒரு ஒழுங்குவிதி போட்டது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்கு வந்தால், கடன்காரருக்கு நோட்டீஸ் போகும்; அதிலிருந்து ஒரு வருஷம் அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மதராஸ் மாகாணத்துக்கு அந்த விதி பொருந்தவில்லை. அதாவது கல்கத்தாவில் கடன் வாங்கினவருக்கு ஒரு வருஷம், கடலூரில் வாங்கினவருக்கு ஒரு நாள்கூட இல்லை.

1858 வாக்கில் மதராஸ் நீதிமன்றம் தானாகவே மனம் மாறியது. கெடு முடிந்தாலும் மீட்கலாம் என்று தீர்ப்புகள் வர ஆரம்பித்தன. ஆனால் 1870-ல் 'பட்டாபிராமய்யர் எதிர் வெங்கடராவ் நாயக்கர்' வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுத்தது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம், இந்த மீட்கும் உரிமை என்பது இங்கிலாந்துச் சரக்கு, பழைய இந்தியச் சட்டத்தில் கிடையாது என்பது அதன் வாதம். திறந்த கதவு மறுபடி மூடியது. 1875-ல் இன்னொரு மதராஸ் வழக்கில் அதே பிரிவி கவுன்சில், இடைப்பட்ட காலத்தில் மதராஸ் தீர்ப்புகளை நம்பி நடந்தவர்களின் சிக்கலைப் பார்த்து, இதைச் சட்டம் இயற்றிச் சரிசெய்வதே நல்லது என்று குறிப்பிட்டது.

அந்தச் சட்டம் 1882-ல் வந்தது. சொத்து மாற்றுச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். அதில் இரண்டு பிரிவுகளை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒன்று, 60-ஆவது பிரிவு. பணம் கொடுத்துச் சொத்தை மீட்கும் உரிமை கெடு முடிந்ததால் மட்டும் அழியாது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதினாலும் அழியாது.

இன்னொன்று, 67-ஆவது பிரிவு. சாதாரண அடமானத்தில் கடன் கொடுத்தவர் "சொத்தே எனக்கு" என்று கேட்க முடியாது. விற்கச் சொல்லித்தான் கேட்க முடியும். விற்று, கடன் போக மீதி வந்தால் அது சொத்துக்காரருக்கு. இங்கிலாந்து அர்த்தத்தில் ஃபோர்குளோஷர் என்பது நம்ம நாட்டில் ஒன்றிரண்டு வகை அடமானத்துக்கு மட்டும்தான், அதுவும் கோர்ட் வழியாக. நூறு ரூபாய்க் கடனுக்கு ஐந்நூறு ரூபாய் நிலம் போவது அதோடு சட்டத்தில் நின்றது.

சட்டத்தில் நின்றது என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பத்திரம் சுத்தக் கிரயமாக எழுதுவது. "திருப்பி எழுதித் தர்றேன்" என்பதைத் தனிக் காகிதத்தில் எழுதுவது, அல்லது வாயால் மட்டும் சொல்வது. 1929-ல் வந்த திருத்தம், திருப்பித் தரும் நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும் என்று சொல்லிவிட்டது. இது பழைய கதை இல்லை. இன்னைக்கும் அவசரத்துக்கு வட்டிக்கு வாங்கப் போனா, "கடனுக்கு ஒரு பாதுகாப்புக்குத்தான்"னு சொல்லி கிரயப் பத்திரத்திலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்து கேட்கிறவங்க இருக்காங்க. அப்படிப் போடுற கையெழுத்து, 1882-க்கு முந்தைய காலத்துக்கு உங்களைத் திருப்பி அனுப்பிடும்.

கடலை விலை விழுந்தபோது

20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில் தென்னாற்காட்டின் செம்மண் நிலங்கள் வேர்க்கடலையில் பணம் பார்த்தன. கடலை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி பிரான்சுக்குப் போனது. விலை ஏறும்போது கடன் சுலபமாகக் கிடைக்கும், கிடைத்தது. 1929-ல் உலகப் பெருமந்தம். கடலை விலையும் நெல் விலையும் சரிந்தன. பத்திரத்தில் எழுதிய அசல் மட்டும் அப்படியே நின்றது.

மதராஸ் மாகாணத்தின் கிராமக் கடன் எவ்வளவு என்று அரசு மூன்று முறை மதிப்பிட்டது. 1895-ல் ஃபிரெடரிக் நிக்கல்சன் சொன்னது 45 கோடி ரூபாய். 1930-ல் வங்கி விசாரணைக் குழு சொன்னது 150 கோடி. 1935-ல் சத்தியநாதன் அறிக்கை சொன்னது 200 கோடி. கடைசி ஐந்து வருஷத்தில் மட்டும் 50 கோடி கூடியிருக்கு பாருங்க. வருமானம் குறைஞ்சா வட்டி அசலோட சேரும். அவ்வளவுதான் கணக்கு.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் வரை நின்ற வட்டி பாக்கி ரத்து. ஏற்கெனவே அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. பெரிய சட்டம்தான். ஆனால் அது விவசாயிகளுக்கு மட்டும். நகராட்சியில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீட்டுவரி கட்டுபவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். கடலூர் 1866-லும் சிதம்பரம் 1873-லும் நகராட்சியான ஊர்கள். அங்கே நல்ல வீடு வைத்திருந்தவருக்கு அந்தச் சட்டம் கைகொடுக்கவில்லை.

இதே காலத்தில் சிதம்பரத்தோடு இன்னொரு தொடர்பு உண்டு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார், பர்மா வரை தொழில் செய்த நகரத்தார் சமூகத்துக்காரர். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்ததே பெரும்பாலும் அந்தச் சமூகம்தான். பெருமந்தத்தில் பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. 1930-ல் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவீதம்.

ஜெயிச்சாங்களா? இல்லை. அவங்களுக்கு வேண்டியது பணம். கைக்கு வந்தது விலைபோகாத நிலம். கூடவே ஊர் மக்களின் கோபமும். போர், சுதந்திரம், பிறகு 1948-ல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம். கடைசியில் நிலமும் போனது, கடனும் போனது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? கடன் கொடுத்தவருக்குச் சொத்து வேண்டாம், பணம்தான் வேண்டும். வங்கிக்கும் அதேதான். உங்க வீட்டை ஏலம் விட்டு, ஆள் கிடைக்காம, விலையைக் குறைச்சு, வழக்கைச் சந்திச்சு வசூல் பண்றதைவிட, தவணையை மாத்தி எழுதுறது அவங்களுக்கு லாபமா இருக்கலாம். நீங்க பேச உட்கார்றப்ப உங்க கையில இருக்கிற பலம் அதுதான்.

கோர்ட் இல்லாத ஏலம்

சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் வரை, அடமான வீட்டை விற்க வங்கி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு வழக்கு எத்தனை வருஷம் ஓடும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கடன்களுக்காக 1993-ல் தனித் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டம் வந்தது. 2002-ல் சர்ஃபாசி சட்டம் வந்தது. அதன்படி வங்கி, கோர்ட் உத்தரவு இல்லாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். இன்றைக்கு வீட்டுக்கடன் நிறுவனங்களும் கூட்டுறவு வங்கிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால், தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் 75 சதவீதப் பணத்தைக் கட்டு என்ற நிபந்தனையைத் தூக்கி எறிந்தது. கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னது.

2016-ல் வந்த திருத்தம் மறுபக்கம் திரும்பியது. அதற்கு முன் ஏலம் முடியும் வரை பணம் கட்டி மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரைதான். 2023 செப்டம்பரில் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அறிவிப்பு வந்தபின் பணத்தோடு போனாலும் உரிமையாகக் கேட்க முடியாது. அவதிக்கிரயம் நினைவுக்கு வருதா? அன்னைக்குக் கெடு பத்திரத்துல இருந்தது. இன்னைக்கு அது பேப்பர் விளம்பரத்துல இருக்கு.

நாட்களை எண்ணுவோம்

இந்த மாவட்டத்தில் தவணை தவறுவதற்குப் பெரும்பாலும் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புது மரம் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். 2015 வெள்ளம் கடலூரை மூழ்கடித்தது. சிதம்பரத்தில், ஊரின் பெரிய சம்பளக்காரரான பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-ல் தமிழக அரசு சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. சில சமயம் எதுவுமே நடக்காமலும் தவணை ஏறும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 20 வருஷத்துக்கு 20 லட்சம் கடன் என்றால், 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய், 9.5 சதவீதத்தில் சுமார் 18,600.

முதல் 90 நாள். தவணை தவறி 90 நாள் தாண்டினால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும். உங்களுக்குப் பலம் அதிகம் இருக்கிற காலம் இதுதான். மேனேஜரைப் பார்த்து, எழுத்தில் கேளுங்க. கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா? மிதவை வட்டியில் இருந்து நிலையான வட்டிக்கு மாற முடியுமா? வட்டி மாறும்போது இந்த வாய்ப்புகளைத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்பதும் அப்போது வந்த விதிதான். வேறு வங்கியில் வட்டி குறைவு என்றால் கடனை அங்கே மாற்றலாம். தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கிடையாது. புயல், வெள்ளம் என்றால் வங்கிகள் கடனைச் சீரமைக்க ரிசர்வ் வங்கியின் தனி வழிமுறைகளே உண்டு. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்க.

கட்டவே முடியாது என்று தெரிந்துவிட்டால், நீங்களே விற்பதும் இந்தக் கட்டத்தில்தான். கசப்பான யோசனைதான். ஆனா நாமளா ஆள் பார்த்து வித்தா கிடைக்கிற விலை, ஏலத்துல பெரும்பாலும் கிடைக்காது. அடுத்த நோட்டீஸ் வந்துவிட்டால் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது.

அடுத்த 60 நாள். 13(2) நோட்டீஸ் வரும். 60 நாளில் முழுப் பாக்கியையும் கட்டு என்று சொல்லும். நம்ம வீடுகள்ல அந்தக் கவர் நேரா பீரோவுக்குள்ள போகும். அப்பா யார்கிட்டயும் சொல்லமாட்டார். தயவுசெஞ்சு அதை வெளியே எடுங்க. கணக்கில் தப்பு இருந்தால், சீரமைப்பு வேண்டுமென்றால், ஆட்சேபமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். பாக்கி ஒரு லட்சத்துக்கு மேல் போகவில்லை என்றாலோ, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி என்றாலோ, இந்தச் சட்டத்தையே பயன்படுத்த முடியாது. விவசாய நிலத்தின் மீதும் முடியாது.

அதன் பிறகு, 13(4). வீட்டுச் சுவரில் காகிதம் ஒட்டுவார்கள். பேப்பரில் 'சுவாதீன அறிவிப்பு' வரும். அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மஞ்சக்குப்பம் சிவில் கோர்ட் இதை விசாரிக்க முடியாது. தமிழ்நாட்டில் தீர்ப்பாயங்கள் இருப்பது சென்னை, கோவை, மதுரையில். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வங்கியும் ஒத்துக்கொண்டால் லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம், கோர்ட் கட்டணம் இல்லை. மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிக்கும் ஒன் டைம் செட்டில்மென்ட்டும் உண்டு. கிரெடிட் ஸ்கோரில் தடம் விழும், வீடு நிற்கும்.

கடைசியாக ஏல அறிவிப்பு. முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு. ஆனால் கதவு மூடுவது ஏலத்தன்று அல்ல, அறிவிப்பு வெளியாகும் நாளில். ஏலத்தில் கடனைவிடக் கூடுதலாக வந்தால் மீதி உங்களுடையது. 1882-ன் கொடை அது, கேட்டு வாங்குங்கள்.

வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்.

கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கு. மூலப் பத்திரம். இந்த மண்ணுக்கு அது புதுசு இல்லை. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில், கல்யாணத்தன்று சுந்தரரை வழிமறித்த கிழவரின் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் சபை விசாரிக்கும். கையில் இருந்த படி ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டார். வழக்கு தீர்ந்தது மூல ஓலையை வைத்துத்தான். கடன் முடிந்த 30 நாளில் மூலப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பரிலிருந்து விதி.

கூட்டிப் பார்த்தால், முதல் தவறிய தவணையிலிருந்து ஏலம் வரை 90, 60, 30. குறைந்தபட்சம் ஆறு மாசம். 1806-ல் வங்காளத்துக்காரருக்குக் கிடைத்ததில் பாதி. அன்றைய தென்னாற்காட்டுக்காரருக்குக் கிடைத்ததைவிட நிறைய. ஒவ்வொரு நாளையும் யாரோ ஒரு நீதிபதியோ சட்டமன்றமோ சேர்த்துக் கொடுத்திருக்கிறது, சில நாட்களைக் குறைத்தும் இருக்கிறது. அந்த நாட்கள் ஓட ஆரம்பிக்கிறது, கவரைப் பிரிக்கிற அன்னைக்கு இல்லை. கவர் வீட்டுக்கு வந்து சேர்ற அன்னைக்கு. நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது, "சாப்டீங்களா"க்கு அடுத்து ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க: பேங்க்ல இருந்து ஏதாவது தபால் வந்துச்சாப்பா?